அழுக்கு நீக்கும் பெட்ரோல்: எத்தனை நாளைக்கு ஒரு முறை?

பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தியதும் குழாயைக் கையில் எடுக்கும் ஊழியர் முதலில் கேட்பது, "நார்மலா, பவரா?" என்பதுதான். பின்னால் நிற்கும் வண்டிக்காரர் ஒலி எழுப்புகிறார். ஆழ்ந்து சிந்திக்க நேரம் இல்லை. "மாதத்திற்கு ஒரு தடவையாவது பவர் போடுங்கள், சார். எஞ்சின் உள்ளே எல்லாம் சுத்தமாகிவிடும்" என்ற உபதேசமும் இலவசமாகக் கிடைக்கிறது. கேட்டவர் அரை மனத்தோடு தலையை ஆட்டுகிறார். லிட்டருக்குச் சில ரூபாய் கூடுதலாகப் போய்விடுகிறது.

விடுதிச் சாப்பாட்டுக் கட்டணத்திற்கே தவணை கேட்கும் மாணவர் கூட்டத்திற்கு மோட்டார்க் கார் ஆராய்ச்சி எதற்கு என்று நண்பர்கள் நகைக்கலாம். ஆயினும் நம்மில் மோட்டார் சைக்கிள் வைத்திருப்போர் உண்டு. வண்டி ஒன்றை நம்பிப் பிழைக்கும் வீட்டிலிருந்து வந்தோரும் உண்டு. அன்றியும், நாம் கல்லூரியில் படிக்கும் இரசாயனம் பெட்ரோல் பங்கு வாசலில் பயன்படவில்லையென்றால் அதைப் படித்து ஆவதென்ன? ஆகவே இந்த உபதேசத்தில் உண்மை எவ்வளவு என்பதைச் சற்றே ஆராய்வோம்.

அழுக்கு எங்கிருந்து வருகிறது?

பெட்ரோல் என்பது ஒரே பொருள் அன்று. அது நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை. கனமான எண்ணெய்களை வெப்பத்தாலும் வினையூக்கியாலும் உடைத்துப் பெட்ரோல் செய்யும்போது, இரட்டைப் பிணைப்புள்ள ஓலிஃபீன் என்னும் மூலக்கூறுகளும் அதில் வந்து சேர்கின்றன. இவை காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு எளிதில் கூடும். கூடியபின் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பிசின் போன்ற பொருளாக மாறும். பலகாரம் சுட்ட எண்ணெயை வாணலியிலேயே விட்டுவைத்தால் ஓரத்தில் பிசுக்கு ஏறுகிறதல்லவா? ஏறக்குறைய அதே கதைதான்.

இந்தப் பிசுக்கு எஞ்சினில் முக்கியமாக மூன்று இடங்களில் படிகிறது. முதலாவது, பெட்ரோலைத் தூவும் இன்ஜெக்டரின் நுனி. இரண்டாவது, காற்றும் பெட்ரோலும் சிலிண்டருக்குள் நுழையும் வாயிலில் உள்ள வால்வு. மூன்றாவது, பெட்ரோல் எரியும் அறையின் சுவரும் பிஸ்டனின் தலையும்.

வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அழுக்குப் படியும் என்று நாம் எண்ணுகிறோம். இன்ஜெக்டரைப் பொறுத்தவரை, வண்டியை நிறுத்திய பிறகு வரும் சில நிமிடங்களே பொல்லாதவை. எஞ்சின் நின்றதும் குளிர்நீரின் ஓட்டமும் நின்றுவிடுகிறது. ஆனால் இரும்பில் உள்ள வெப்பம் எங்கே போகும்? அது இன்ஜெக்டரின் நுனிக்கும் ஏறுகிறது. நுனியில் ஒட்டியிருக்கும் சிறு துளியில் இலேசான பகுதி ஆவியாகிவிட, கனமான பகுதி மட்டும் நின்று வெந்து பிசினாகிறது. ஒரு தடவையில் படிவது கண்ணுக்குத் தெரியாத அளவு. ஆயிரம் தடவை இப்படி நேர்ந்தால் தூவலின் வடிவமே கெட்டுப்போகும். நுண்துளிகளாகச் சிதற வேண்டிய பெட்ரோல் ஒரு பக்கமாக ஒழுகும்.

வால்வின் முதுகில் படியும் கரி வேறு விதமான தொல்லை தருவது. அது பஞ்சு போன்றது. காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது சிலிண்டருக்குள் போக வேண்டிய பெட்ரோலில் ஒரு பங்கை இக்கரி உறிஞ்சிக்கொள்கிறது. உள்ளே போகும் கலவையில் பெட்ரோல் குறைந்துவிடுவதால் வண்டி திணறுகிறது. இனி, எரியும் அறையில் படியும் கரியோ வெப்பத்தை வெளியேறவிடாமல் தடுக்கிறது. அறையின் கொள்ளளவையும் சிறிது குறைக்கிறது. இதன் விளைவாக எஞ்சின் முன்னைவிட உயர்ந்த ஆக்டேன் எண்ணுள்ள பெட்ரோலைக் கேட்கத் தொடங்கும்.

அழுக்கு நீக்கி செய்வது என்ன?

சோப்பின் மூலக்கூறுக்குத் தலையும் வாலும் உண்டு என்று படித்திருக்கிறோம். தலை தண்ணீரை நாடும். வால் எண்ணெயை நாடும். எண்ணெய் அழுக்கை வால் பற்றிக்கொள்ள, தலை அதைத் தண்ணீருக்குள் இழுத்துப்போகிறது. பெட்ரோலில் சேர்க்கும் அழுக்கு நீக்கியும் அதே குலத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் வேலை தலைகீழ். இங்கே கழுவும் திரவமே எண்ணெய். ஆதலால் நீண்ட வால் பெட்ரோலில் கரைந்து நிற்கிறது. நைட்ரஜனைத் தாங்கிய தலை பிசுக்கையோ உலோகத்தையோ பற்றுகிறது. பிசுக்கைப் பற்றினால் அதைச் சிறிது சிறிதாகப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போகும். சுத்தமான உலோகத்தைப் பற்றினால் மேலே ஒரு மெல்லிய போர்வையாக நின்று, புதிய பிசுக்கு ஒட்டாமல் காக்கும்.

இவ்விரு வேலைகளையும் வேறு வேறாக மனத்தில் கொள்ள வேண்டும். சுத்தமாக இருப்பதைச் சுத்தமாகவே வைப்பது ஒன்று; முன்பே படிந்ததைப் பெயர்ப்பது மற்றொன்று. முன்னதற்குச் சிறிய அளவு போதும், ஆனால் தொடர்ந்து வேண்டும். பின்னதற்கு அதிக அளவு வேண்டும். அன்றாடம் கழுவும் பாத்திரத்திற்குச் சிறிது தூள் போதும். அடிப்பிடித்துக் காய்ந்த பாத்திரத்தைத் தேய்க்கக் கைவலி காண வேண்டியிருக்கிறது.

அழுக்கு நீக்கிகளிலும் வகைகள் உண்டு. பாலிஐசோபியூட்டிலீன் அமீன் என்பது வால்வைச் சுத்தமாக வைப்பதில் வல்லது. ஆனால் எரியும் அறையில் தானே கொஞ்சம் படிவை உண்டாக்கக்கூடும். பாலியீதர் அமீன் என்பது கடும் வெப்பத்தையும் தாங்கி, எரியும் அறையின் கரியையும் தணிக்க வல்லது. விலையும் அதற்கேற்ப அதிகம்.

ஆக்டேன் வேறு, அழுக்கு நீக்கி வேறு

இங்கேதான் மக்கள் பெரிதும் குழம்புகிறார்கள். ஆக்டேன் எண் என்பது, அழுத்தத்தில் பெட்ரோல் தானாகத் தீப்பிடித்து எஞ்சினில் 'தட்டல்' உண்டாக்காமல் எவ்வளவு தாங்கும் என்பதைக் காட்டும் அளவு. ஐசோ ஆக்டேனுக்கு 100, சாதாரண ஹெப்டேனுக்கு 0 என்று வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒப்பிடுகிறார்கள். எஞ்சினைச் சுத்தம் செய்வதற்கும் இந்த எண்ணுக்கும் நேரான தொடர்பு ஒன்றும் இல்லை. ஆக்டேன் 100 உள்ள பெட்ரோலில் அழுக்கு நீக்கி இல்லாமலும் இருக்கலாம். 91 உள்ளதில் நிறையவும் இருக்கலாம்.

ஆனால் கடைக்காரர் இரண்டையும் ஒரே பெயரில் கட்டி விற்கிறார். உயர்ந்த ஆக்டேனுக்கும் விலை, அழுக்கு நீக்கிக்கும் விலை. இரண்டும் சேர்ந்த விலையை நாம் கொடுக்கிறோம். சாதாரண ஆக்டேனுக்கென்று அமைத்த எஞ்சினுக்கு உயர்ந்த ஆக்டேனால் ஆதாயம் இல்லை. அமெரிக்க மோட்டார் வாகனச் சங்கம் 2016ஆம் ஆண்டில் இதைச் சோதித்து, சாதாரணப் பெட்ரோல் போதும் என்று உற்பத்தியாளரே கூறிய கார்களுக்கு விலையுயர்ந்த பெட்ரோலால் நன்மை இல்லை என்று அறிவித்தது. ஆகவே 'பவர்' வாங்கும் ஒருவர் உண்மையில் பெறக்கூடியது அதிலுள்ள அழுக்கு நீக்கி ஒன்றே.

அமெரிக்காவில் நடந்தது

இப்பொருளில் நீண்ட அனுபவம் உள்ள நாடு அமெரிக்கா. 1950களிலேயே அங்குக் கார்புரேட்டரைச் சுத்தமாக வைப்பதற்கான பொருள்களைப் பெட்ரோலில் சேர்க்கத் தொடங்கினார்கள். 1980களில் கார்புரேட்டர் போய் இன்ஜெக்டர் வந்தது. நுண்ணிய துளை எளிதில் அடைபட்டதால் புகார்கள் பெருகின. கடைசியில், 1995ஆம் ஆண்டு தொடங்கி விற்கப்படும் எல்லாப் பெட்ரோலிலும் குறைந்த அளவாவது அழுக்கு நீக்கி இருந்தே தீரவேண்டும் என்று அரசு விதி செய்தது.

விதி நல்லதுதான். ஆனால் 'குறைந்தது இவ்வளவு' என்று சட்டம் சொன்னால் 'இவ்வளவு போதும்' என்று வணிகன் படிப்பது உலக வழக்கமன்றோ? முன்பு அதிகமாகச் சேர்த்து வந்த சிலரும் சட்டத்தின் அளவுக்கு இறங்கினர். கார் உற்பத்தியாளர்களுக்கு இது பிடிக்கவில்லை. பி.எம்.டபிள்யூ., ஜெனரல் மோட்டார்ஸ், ஹோண்டா, டொயோட்டா ஆகியவை கூடி, 2004ஆம் ஆண்டில் 'டாப் டியர்' என்ற உயர்ந்த அளவுகோலை வகுத்தன. அச்சோதனையில் தேறிய பெட்ரோல் அந்த முத்திரையைத் தாங்கலாம். முக்கியமான செய்தி யாதெனில், முத்திரை பெற்ற நிறுவனம் தன் சாதாரணப் பெட்ரோல் உள்பட எல்லாத் தரத்திலும் அதே அளவு அழுக்கு நீக்கியைச் சேர்க்க வேண்டும். அங்கே அழுக்கு நீக்கியை ஆக்டேனிலிருந்து பிரித்துவிட்டார்கள்.

முன்சொன்ன சங்கமே 2016ஆம் ஆண்டில் மற்றொரு சோதனையும் நடத்தியது. 100 மணி நேரம், அதாவது 4,000 மைல் ஓட்டத்திற்கு ஒப்பாக, எஞ்சின்களை ஓட்டிப் பார்த்தார்கள். முத்திரை இல்லாத பெட்ரோல் வால்வில் விட்ட படிவு, முத்திரை பெற்றது விட்டதைப்போல் சராசரி 19 மடங்கு இருந்தது. முன்பே அழுக்கேறிய எஞ்சினில் 5,000 மைல் அளவு தொடர்ந்து நல்ல பெட்ரோலை ஊற்றினால் படிவு 45 முதல் 72 விழுக்காடு வரை குறையும் என்றும் கண்டார்கள். இரு வகைக்கும் விலை வேற்றுமை கேலனுக்குச் சுமார் 3 சென்ட்தான். இந்த விலையில் 'எத்தனை முறை' என்ற கேள்வியே அங்கு எழாது. எப்போதும் என்பதே விடை.

நம் கேள்விக்கு விடை

நமக்கு அப்படி இல்லை. விலை வேற்றுமை பெரிது. ஆகவே கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. என் வீட்டுக் கணக்கையே உதாரணமாகத் தருகிறேன்.

பிழைப்புத் தேடித் தில்லிக்கு வந்த குடும்பம் எங்களுடையது. முனிர்காவில் அம்மா இட்லி மாவு அரைக்கிறார். அப்பா அதைப் பழைய ஆம்னி வேனில் ஏற்றி இராமகிருஷ்ணபுரம், சரோஜினி நகர்ப் பக்கத்துக் கடைகளுக்குக் கொண்டுபோகிறார். ஒரு நாள் அப்பா, "ஏம்ப்பா, கெமிஸ்ட்ரி படிக்கிறியே, இந்தப் பவர் பெட்ரோலை எத்தனை நாளைக்கு ஒருக்காப் போடணும்னு சொல்லேன்" என்று கேட்டார். பரீட்சைத் தாளில் வராத கேள்வி. தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

வேன் மாதத்தில் 840 கிலோமீட்டர் ஓடுகிறது. லிட்டருக்கு 14 கிலோமீட்டர் என்றால் 60 லிட்டர். உயர்ந்த பெட்ரோலுக்கு லிட்டருக்கு 8 ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொண்டால் மாதம் 480 ரூபாய். ஆண்டுக்கு 5,760 ரூபாய். ஒரு பாக்கெட் மாவில் எங்களுக்கு நிற்பது 6 ரூபாய். "மாசம் எம்பது பாக்கெட்டா!" என்றார் அம்மா. எம்பது பாக்கெட் என்றால் எத்தனை படி அரிசி ஊறவைத்து, எத்தனை முறை கிரைண்டரைக் கழுவி என்பது அவருக்குத் தெரியும். அந்தக் கேள்வியின் கனம் எனக்கு அப்போதுதான் முழுமையாக விளங்கிற்று.

சரி, மாதம் ஒரு டாங்க் மட்டும் போட்டால் என்ன? இங்கே 'மாதம்' என்ற அளவே தவறு என்பதைக் கவனியுங்கள். ஒரு டாங்க் 35 லிட்டர் எனலாம். மாதம் 60 லிட்டர் குடிக்கும் எங்கள் வேனுக்கு அது பாதிக்கும் மேல். மாதம் 3,000 கிலோமீட்டர் ஓடும் காருக்கோ அது ஆறில் ஒரு பங்குகூட வராது. ஒரே உபதேசம், இரண்டு வண்டிகளுக்கு இரண்டு வேறு மருந்தளவு! அழுக்கு நாட்காட்டியைப் பார்த்துப் படிவதில்லை. எரிந்த பெட்ரோலின் அளவு, ஓடிய தூரம், எத்தனை தடவை சூடான எஞ்சினை நிறுத்தினோம் என்பவற்றைப் பொறுத்தே படிகிறது.

மேலும், சோதனையில் கண்ட மாற்றங்கள் எல்லாம் ஆயிரக்கணக்கான மைல்களில் நிகழ்ந்தவை. 5,000 மைல் என்பது 8,000 கிலோமீட்டர். ஒரு டாங்கில் எங்கள் வேன் 490 கிலோமீட்டர் ஓடும். அப்படியானால் சோதனையில் கண்ட சுத்தத்தைப் பெறப் பதினாறு டாங்க் வேண்டும். ஒரு டாங்கில் எஞ்சின் பளபளப்பாகிவிடும் என்பது மிகைப்பேச்சு. அதே காரணத்தால், இரண்டொரு டாங்க் சாதாரணப் பெட்ரோல் போட்டதால் எஞ்சின் கெட்டுவிடும் என்று அஞ்சவும் தேவையில்லை. இரண்டும் மெதுவாக நடக்கும் காரியங்கள்.

இவற்றிலிருந்து பின்வரும் முடிவுகளுக்கு வரலாம்.

முதலாவது, காரோடு வந்த கையேடு உயர்ந்த ஆக்டேனைக் கேட்டால் அதையே எப்போதும் ஊற்ற வேண்டும். அங்கே தேர்வுக்கு இடமில்லை.

இரண்டாவது, கையேடு சாதாரணப் பெட்ரோல் போதும் என்று சொல்லி, வண்டியும் ஒழுங்காக ஓடினால், உயர்ந்த பெட்ரோலை வாங்கியே ஆகவேண்டிய கட்டாயம் இல்லை. விற்பனை மிகுந்த, நம்பிக்கையான பங்கில் போடுவதே முதல் பாதுகாப்பு. ஐயம் இருந்தால் பங்கில் வடிதாள் கேட்டு வாங்கி, குழாயின் முனையைத் துடைத்துவிட்டு ஒரு துளி விட்டுப் பாருங்கள். நல்ல பெட்ரோல் சில நிமிடங்களில் கறையின்றி ஆவியாகிவிடும். கலப்படப் பெட்ரோலுக்கு எந்த அழுக்கு நீக்கியும் மாற்று மருந்து ஆகாது.

மூன்றாவது, காலையில் கிளப்பத் தொல்லை, நின்றபடி ஓடும்போது நடுக்கம், முடுக்கும்போது திணறல், மைலேஜ் குறைவு ஆகியவை தோன்றினால் முதலில் ஸ்பார்க் பிளக்கையும் காற்று வடிகட்டியையும் பாருங்கள். குற்றம் பெரும்பாலும் மலிவான இடத்தில் இருக்கும். அவை சரியாக இருந்தால் சுத்தப்படுத்தும் வேலையை மேற்கொள்ளலாம். அங்கொன்றும் இங்கொன்றுமாக ஊற்றாமல், அடுத்தடுத்துப் பல டாங்க் ஊற்றுவதே முறை. அல்லது பாலியீதர் அமீன் உள்ள புட்டி மருந்தை அதில் எழுதியுள்ள அளவுப்படி பெட்ரோலில் கலக்கலாம். இம்மருந்தில் சிறிது எஞ்சின் எண்ணெயிலும் போய்ச் சேரும் ஆதலால், எண்ணெய் மாற்றும் நாளுக்குச் சற்று முன் இதைச் செய்வது நல்லது. அளவுக்கு மிஞ்சிக் கலந்தால் அதிகச் சுத்தம் வந்துவிடாது.

நான்காவது, எஞ்சினின் வகையையும் அறிந்துகொள்ளுங்கள். இக்காலத்துக் கார்கள் சிலவற்றில் இன்ஜெக்டர் பெட்ரோலை வால்வுக்கு முன் தூவாமல் நேரே சிலிண்டருக்குள் தூவுகிறது. அவற்றில் உள்வாயில் வால்வைப் பெட்ரோல் தொடுவதே இல்லை. தொடாத இடத்தைக் கழுவ எந்தப் பெட்ரோலாலும் இயலாது. இன்ஜெக்டர் நுனிக்கு மட்டும் பயன் உண்டு. "வால்வு கரி போகும்" என்று சொல்லி இத்தகைய காருக்கு உயர்ந்த பெட்ரோலை விற்றால் அந்தப் பேச்சை நம்ப வேண்டாம்.

மோட்டார் சைக்கிள் நண்பர்களுக்கும் இதே நியாயம்தான். 2020ஆம் ஆண்டு ஏப்ரலில் பாரத் நிலை 6 விதி வந்தபின் புதிய மோட்டார் சைக்கிள்களிலும் இன்ஜெக்டர் புகுந்துவிட்டது. அதே விதியால் பெட்ரோலில் கந்தகமும் பத்து இலட்சத்தில் 10 பங்கு என்ற அளவுக்கு இறங்கியுள்ளது. வகுப்பிலிருந்து விடுதிக்கு, விடுதியிலிருந்து தேநீர்க் கடைக்கு என்று நாளைக்கு இருபது தடவை கிளப்பி நிறுத்துவதே இன்ஜெக்டருக்குப் பகை. பக்கத்துத் தேநீர்க் கடைக்கு நடந்து போவது இன்ஜெக்டருக்கும் நல்லது, நமக்கும் நல்லது.

எங்கள் வேன் இன்று சாதாரணப் பெட்ரோலில்தான் ஓடுகிறது. ஆண்டுக்கு ஒரு முறை, எண்ணெய் மாற்றுமுன், ஒரு புட்டி மருந்து. காலை விநியோகத்தையும் அப்பா ஒரே சுற்றாக மாற்றிக்கொண்டுவிட்டார். வண்டியைக் கிளப்பி நிறுத்துவது பாதியாகக் குறைந்தது. வேன் நன்றாக ஓடுகிறது. ஆனால் இதை ஆதாரமாகக் கொள்ள வேண்டாம். ஒரு வண்டியைப் பார்த்து விதி சொல்லுவது விஞ்ஞானம் ஆகாது. அதன் உரிமையாளர் என் தந்தையாக இருந்தாலும் சரியே.

விளம்பரம் பொய் சொல்லுகிறது என்பது என் கருத்தன்று. அழுக்கு நீக்கி உண்மையிலேயே வேலை செய்கிறது. எவ்வளவு, எவ்விடத்தில், எத்தனை தூரத்தில் வேலை செய்கிறது என்பதைத்தான் விளம்பரம் சொல்லாமல் விடுகிறது. நண்பர்கள் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது வீட்டில் உள்ள வண்டியின் கையேட்டை ஒரு முறை புரட்டி, எரிபொருளைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் அது பிரிக்கப்படாத உறையோடு டாஷ்போர்டின் அடியில் கிடக்கும். அதைப் படித்து வீட்டாருக்குச் சொன்னால், அடுத்த தடவை "நார்மலா, பவரா?" என்ற கேள்விக்கு அவர்கள் தயங்காமல் விடை சொல்லுவார்கள்.